மார்ஷல் போட்ட மளிகைக் கணக்கு

போன மாதக் கடைசியில் எனக்கு ஒரு விபரீத ஆசை வந்தது. நம் வீட்டிலிருந்து ஒரு மாதத்தில் மொத்தம் எவ்வளவு வரி வெளியே போகிறது என்று கூட்டிப் பார்த்துவிட்டால் என்ன?

பி.காம். படித்தவன் என்கிற திமிர்தான். ஒரு நோட்டை எடுத்து நடுவில் கோடு கிழித்து உட்கார்ந்துவிட்டேன். சம்பளத்தில் பிடித்தது, அது சுலபம். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை கட்டுகிற சொத்து வரியை ஆறால் வகுத்தாயிற்று. தொழில் வரியும் அப்படியே. குடிநீர் வரி ஒரு பக்கம், குடிநீர்க் கட்டணம் தனியே ஒரு பக்கம். மளிகை பில்லில் ஜிஎஸ்டியை மத்திக்குப் பாதி, மாநிலத்துக்குப் பாதி என்று அழகாகப் பிரித்தே போட்டிருந்தார்கள். அப்புறம் பெட்ரோல். அது ஜிஎஸ்டியில் வராது. கலால் வரி லிட்டருக்கு இவ்வளவு என்று உள்ளே இருக்கிறது, அதையும் சேர்த்த விலையின் மேல் மாநிலத்தின் வாட். சுங்கச்சாவடியில் ஃபாஸ்டேக் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டது வேறு. வாங்கிய தக்காளி லாரியில் வந்ததே, அந்த லாரியின் டீசல் வரியில் என் பங்கு எவ்வளவு?

‘‘என்ன, பரீட்சைக்கா படிக்கறீங்க?’’ என்றாள் மனைவி. நோட்டை மூடிவிட்டேன். தோல்விதான். கூட்டல் தெரியாததால் இல்லை. எதையெல்லாம் கூட்டுவது என்றே தெரியவில்லை!

பில் இல்லாத காலத்தில், கால்குலேட்டர் இல்லாத காலத்தில், இந்தக் காரியத்தை ஒருத்தர் உட்கார்ந்து செய்து முடித்திருக்கிறார். சுமார் 320 வருடத்துக்கு முன்னால், பிரான்ஸில். அவர் பொருளாதார நிபுணர் இல்லை. கணக்குப் பிள்ளையும் இல்லை. கோட்டை கட்டுகிற ராணுவ இன்ஜினீயர். அவர் கூட்டிப் பார்த்தது தன் வீட்டுக் கணக்கையும் அல்ல, ஒரு கூலித் தொழிலாளியின் வீட்டுக் கணக்கை.

பெயர் வோபான். பதினாலாம் லூயியின் தளபதி. சுமார் ஐம்பது முற்றுகைகளை நடத்தியவர். வோபான் கட்டிய கோட்டை விழாது, வோபான் முற்றுகையிட்ட கோட்டை நிற்காது என்பது அந்தக் காலத்துப் பேச்சு. அவருடைய கோட்டைகளில் பன்னிரண்டை 2008-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தது. 1703-ல் மார்ஷல் பட்டம். அதற்குமேல் ஒரு சிப்பாய்க்கு வேறென்ன வேண்டும்?

ஆனால் மனிதருக்கு ஒரு வியாதி இருந்தது. எதைப் பார்த்தாலும் எண்ணுவார். ஒரு பெண் பன்றியிடமிருந்து பத்து வருடத்தில் எத்தனை வாரிசுகள் வரும் என்று கணக்குப் போட்டு (விடை அறுபது லட்சத்தைத் தாண்டியது) அதற்கென்றே தனிக் கட்டுரை எழுதியிருக்கிறார். கிண்டல் செய்ய வேண்டாம். அவருக்கு அது சோற்றுப் பிரச்னை. கோட்டை கோட்டையாகச் சுற்றியதில் பிரான்ஸின் கிராமங்களை அவர் அளவுக்குப் பார்த்தவர்கள் அரசவையில் யாரும் இல்லை. வெர்சாய் அரண்மனையில் இருந்தவர்களுக்குத் தெரிந்தது வேறு பிரான்ஸ்.

1696-ல் தன் சொந்த ஊர்ப் பக்கம் வெஸலே என்கிற வட்டாரத்தை எடுத்துக்கொண்டு ஆள், வீடு, மாடு, பன்றி என்று ஒவ்வொன்றாக எண்ணிப் பட்டியல் போட்டார். அதில் அந்த ஜனங்களின் சாப்பாட்டைப் பற்றியும் எழுதிவைத்தார். உமிகூட முழுசாய் நீக்காத பார்லி, ஓட்ஸ் மாவு ரொட்டி. கறி என்பது வருடத்தில் மூன்று வேளை கிடைத்தால் அபூர்வம். உப்புகூடக் கொஞ்சம்தான்.

உப்புகூடவா? அங்கேதான் விஷயம் இருக்கிறது. அதற்கு வருவோம்.

முதலில், அந்தக் காலத்து பிரெஞ்சு விவசாயியின் வீட்டுக்கு யார் யார் வந்து கையை நீட்டினார்கள் என்று பார்த்துவிடலாம். முதல் ஆள் ராஜா. அவருடைய பிரதான வரிக்கு உச்சரிப்பு கிட்டத்தட்ட ‘தாய்’. பெயரில் மட்டும்தான் பாசம். இந்த வரி பிரபுக்களுக்குக் கிடையாது, பாதிரிமார்களுக்குக் கிடையாது, பதவியைக் காசு கொடுத்து வாங்கிய நகரத்துப் பெரிய மனிதர்கள் பலருக்கும் கிடையாது. மிச்சம் யார்? அவன்தான். 1695-ல் போர்ச் செலவுக்கென்று தலைவரி ஒன்று வந்தது. அது மட்டும் எல்லோருக்கும் என்றார்கள். சலுகை கேட்கத் தெரிந்தவர்கள் அதிலும் நழுவிக்கொண்டார்கள். ஒயினுக்குத் தனி வரி. ஒரு மாகாணத்திலிருந்து இன்னொரு மாகாணத்துக்குச் சரக்கு போனால் நடுவழியில் சுங்கம். நகர வாசலில் நுழைவு வரி.

அடுத்து தேவாலயம். விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு என்று பெயர், பல ஊர்களில் வாங்கியது அதைவிடக் குறைவு. ஆனால் வயலிலேயே வந்து கதிர்க்கட்டாக எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அப்புறம் ஊர்ப் பிரபு. அவருக்கு நிலத்துக்கான வருடாந்திர தொகை. அவருடைய மில்லில்தான் மாவு அரைக்க வேண்டும், அவருடைய அடுப்பில்தான் ரொட்டி சுட வேண்டும், அவருடைய செக்கில்தான் திராட்சை பிழிய வேண்டும். ஒவ்வொன்றுக்கும் கட்டணம். வீட்டில் திருட்டுத்தனமாக ரொட்டி சுட்டால் அபராதம்.

இதில் ‘தாய்’ வரியை வசூலித்த முறை இருக்கிறதே, அதுதான் அக்கிரமத்தின் உச்சம். ஊருக்கு மொத்தமாக இவ்வளவு என்று மேலிருந்து ஒரு தொகை வரும். ஊர்க்காரர்களிலேயே சிலரைப் பிடித்து நீதான் வசூலிக்க வேண்டும் என்று தலையில் கட்டுவார்கள். தொகை குறைந்தால் அவர்கள் பொறுப்பு, ஜெயிலுக்கும் போகலாம். யார் வீட்டுக்கு எவ்வளவு என்பதற்குக் கணக்கு வழக்கு எதுவும் பெரும்பாலான இடங்களில் கிடையாது. பார்வைதான். கூரை புதுசா? போடு கூட. மாடு ஒன்று அதிகமா? போடு கூட.

விளைவு? மாடு வாங்க வசதி இருந்தும் வாங்காமல் இருந்தான். ஓட்டைக் கூரையை ஓட்டையாகவே விட்டான். நிலத்தை அரைகுறையாக உழுதான். வோபானின் வயிற்றெரிச்சல் இதுதான். வரி கொடுத்ததால் வந்த ஏழ்மை பாதி, வரிக்குப் பயந்து வரவழைத்துக்கொண்ட ஏழ்மை பாதி.

இது நிஜம்தானா என்று சந்தேகம் வந்தால் ரூஸோவைக் கேளுங்கள். தத்துவமேதை ரூஸோவேதான். 1730-களின் ஆரம்பத்தில், இருபது வயதுப் பையனாகக் கால்நடையாக ஊர் சுற்றிக்கொண்டிருந்தார். ஒரு நாள் வழி தவறி, பசி தாங்காமல் ஒரு குடியானவன் வீட்டுக் கதவைத் தட்டினார். காசு கொடுக்கிறேன், சாப்பாடு போடு என்றார். ஆடை எடுத்த பாலும் முரட்டு பார்லி ரொட்டியும் வந்தது, இவ்வளவுதான் இருக்கிறது என்றான். பையன் சாப்பிட்ட வேகத்தைப் பார்த்ததும் குடியானவனுக்கு நம்பிக்கை வந்துவிட்டது. இவன் வேவு பார்க்க வந்தவன் இல்லை! தரையில் ஒரு சின்னக் கதவைத் திறந்து கீழே இறங்கினான். மேலே வரும்போது கையில் நல்ல கோதுமை ரொட்டி, பன்றித் தொடைக் கறி, ஒரு பாட்டில் ஒயின். கூடவே ஒரு ஆம்லெட்டும் போட்டுக் கொடுத்தான். கிளம்பும்போது காசு கொடுத்தால் வாங்கவில்லை, பயந்து நடுங்கினான். ஒயினை ஒயின் வரிக்குப் பயந்து ஒளித்தேன், ரொட்டியை ‘தாய்’ வரிக்குப் பயந்து ஒளித்தேன், நான் பட்டினி கிடக்கவில்லை என்று தெரிந்தால் தொலைந்தேன் என்று சொல்லியிருக்கிறான். தன் சுயசரிதையில் ரூஸோ இதை விலாவாரியாக எழுதியிருக்கிறார். அநியாயத்தின் மேல் தனக்கு வந்த தீராத வெறுப்புக்கு விதை அந்தச் சாப்பாடுதான் என்பது அவர் கட்சி.

சரி, உப்புக்கு வருவோம்.

உப்பு வரி என்றால் நமக்கு உடனே 1930, தண்டி, வேதாரண்யம். பிரெஞ்சுக்காரர்களுக்கு ‘கபெல்’. நம்ம ஊரில் வெள்ளைக்காரன் உப்பு காய்ச்சாதே, என்னிடம் வாங்கு என்றான். பிரான்ஸின் ராஜா ஒரு படி மேலே போய், வேண்டாம் என்றாலும் வாங்கு என்றார். பாரிஸைச் சுற்றியுள்ள பெரிய உப்பு வரிப் பிரதேசத்தில் எட்டு வயதுக்கு மேற்பட்ட பதினாலு பேருக்கு வருடம் ஒரு ‘மினோ’ உப்பு கட்டாயம். ஒரு மினோ ஏறக்குறைய 49 கிலோ. ஆளுக்கு மூன்றரைக் கிலோ வருகிறது. இதற்கு ‘கடமை உப்பு’ என்றே பெயர். அதுவும் குழம்புச் சட்டிக்கும் சாப்பாட்டு மேஜைக்கும் மட்டும்தான். மீந்துபோன உப்பில் பன்றிக் கறியை ஊறப் போட்டுப் பதப்படுத்தினால் குற்றம். அதற்குத் தனியாக உப்பு வாங்க வேண்டும். கண்டுபிடித்தால் கறியும் போச்சு, அபராதமும் ஆச்சு. 1680-ல் போட்ட சட்டம் இது.

விலையைக் கேட்டால் தலை சுற்றும். கடலோரத்து பிரிட்டனி மாகாணத்துக்கு இந்த வரி கிடையாது. மினோ இரண்டு, மூன்று லிவ்ருக்குக் கிடைக்கும். எல்லையைத் தாண்டி அடுத்த மாகாணத்தில் கால் வைத்தால், 1780-களின் கணக்குப்படி, அறுபதைத் தொடும். அதே உப்பு. நடுவில் ஒரு ஆறோ, ஒரு வாய்க்காலோதான். கடத்தாமல் இருப்பார்களா? ஆண்கள் மூட்டையில் கடத்தினார்கள், பெண்கள் பாவாடைக்கு அடியில் கடத்தினார்கள், நாய்களுக்கு உப்புப் பையைக் கட்டிவிட்டுப் பயிற்சி கொடுத்தே கடத்தினார்கள். பிடிபட்டவர்களில் குழந்தைகளும் உண்டு. ஆயுதத்தோடு மாட்டினால் கப்பலில் துடுப்புப் போடும் தண்டனை, சில சமயம் தூக்கு. பிடித்தவர்கள் ராஜாவின் போலீஸ்கூட இல்லை. வரி வசூலை மொத்தமாகக் குத்தகைக்கு எடுத்த தனியார் கோஷ்டியின் காவலர்கள். ராஜாவுக்கு ஒரு தொகையை முதலில் கட்டிவிட்டு, அதற்குமேல் வசூலித்ததைத் தன் பையில் போட்டுக்கொள்ளலாம். இன்றைக்கு சைக்கிள் ஸ்டாண்டை ஏலம் விடுகிற மாதிரி ஒரு தேசத்தின் உப்பை ஏலம் விட்டிருந்தார்கள்.

இந்த லட்சணத்தில்தான் வோபான் பேனாவை எடுத்தார்.

அவருடைய யோசனை எளிமையானது. இத்தனை வரியையும் தூக்கிக் கடாசு. ஒரே வரி. விளைச்சலிலும் வருமானத்திலும் இருபதில் ஒன்றில் ஆரம்பித்து, எவ்வளவு நெருக்கடி வந்தாலும் பத்தில் ஒன்றுக்கு மேல் போகக் கூடாது. பிரபுவும் கட்ட வேண்டும், பிஷப்பும் கட்ட வேண்டும், ராஜ குடும்பமும் கட்ட வேண்டும். உப்பு வரியை விட்டுவைத்தார், ஆனால் விலையைக் குறைத்து, தேசம் முழுக்க ஒரே விலையாக.

இதைச் சொல்கிற புத்தகத்துக்கு நடுவே ஒரு கேள்வி வருகிறது. நிலம் இல்லாத கூலிக்காரனிடம் எவ்வளவு வாங்கலாம்? மற்றவர்களாக இருந்தால் ‘கொஞ்சமாக’ என்று எழுதிவிட்டுப் போயிருப்பார்கள். வோபான் அவன் வீட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டார்.

வருடத்துக்கு 365 நாள். அதில் ஞாயிற்றுக்கிழமை 52. பண்டிகை 38. பனி உறைந்து வேலை செய்ய முடியாத நாள் 50. சந்தைக்கும் வேறு சொந்த வேலைக்கும் 20. உடம்பு சரியில்லாமல் 25. மிச்சம் 180. கூலி நாளுக்கு 9 ‘சூ’. இருபது சூ சேர்ந்தால் ஒரு லிவ்ர். 180 நாளுக்கு நான் பெருக்கிப் பார்த்தேன், 81 லிவ்ர் வருகிறது. வோபான் தாராள மனசோடு 90 என்று வைத்துக்கொள்கிறார். வீட்டில் நாலு பேர்.

இதில் ராஜாவின் வரி, சாதாரணமாக முப்பதில் ஒன்று. நெருக்கடி காலத்தில் இரண்டு மடங்கு. ஆக, 6 லிவ்ர். நாலு பேருக்கான உப்பு, மினோ 30 லிவ்ர் என்ற கணக்கில், 8 லிவ்ர் 16 சூ.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். வருமானத்தின் மேல் போட்ட வரியைவிட உப்புக்குக் கொடுப்பது ஜாஸ்தி! அதுவும் வோபான் குறைத்துப் போட்ட விலையில். ‘நான் வரியே கட்டுவதில்லை, அதெல்லாம் பணக்காரர்கள் சமாசாரம்’ என்று நம்மில் பல பேர் நினைத்துக்கொண்டிருக்கிறோமே, அந்த நினைப்பு எங்கிருந்து வருகிறது என்று அந்த இரண்டு வரிகளைப் பார்த்தபோதுதான் எனக்குப் புரிந்தது. முதல் வரி, கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுப்பது. இரண்டாவது, சமையலறை வழியாகப் போவது. (நம்ம ஊரில் இப்போது சாப்பாட்டு உப்புக்கு ஜிஎஸ்டி கிடையாது. உப்பு ஜாடி இருக்கிற அலமாரியில் மற்றதுக்கெல்லாம் அந்தச் சலுகை இல்லை.)

இரண்டையும் கூட்டினால் 14 லிவ்ர் 16 சூ. கூலிக் கணக்கில் சொன்னால் கிட்டத்தட்ட 33 நாள் உழைப்பு. மிச்சம் 75 லிவ்ர் 4 சூ. நாலு பேருக்கு வருடத்துக்கு வேண்டிய தானியம், பாதி கோதுமை, பாதி ரை என்கிற மட்ட தானியம், 60 லிவ்ர்.

கடைசியில் கையில் நிற்பது 15 லிவ்ர் 4 சூ.

இதில்தான் வீட்டு வாடகை, இல்லையென்றால் சொந்தக் குடிசையின் ரிப்பேர். துணிமணி. சட்டி பானை. இவற்றையெல்லாம் வோபான் வரிசையாக எழுதுகிறார், மண் கிண்ணத்தைக்கூட விடவில்லை. நாளைக்கு எவ்வளவு என்று நான் வகுத்துப் பார்த்தேன். நாலு பேருக்குச் சேர்த்து ஒரு சூகூட முழுசாய் வரவில்லை. மனைவி நூல் நூற்கவோ காலுறை பின்னவோ வேண்டும், கொல்லையில் நாலு காய்கறி வேண்டும், ஒரு ஆடோ, சில கோழியோ வேண்டும், இல்லாவிட்டால் குடும்பம் ஓடாது என்று எழுதிவைத்தார் பிரான்ஸின் மார்ஷல்.

கவனியுங்கள். இது அவருடைய சீர்திருத்தம் நடந்தால் வரக்கூடிய கணக்கு. நடப்பில் இருந்த கண்மூடித்தனமான வரியில் இல்லை. ஊர்ப் பிரபுவின் பங்கும் தேவாலயத்தின் பங்கும் இதில் சேரவே இல்லை. இதைவிட ஒரு காசு கூட வாங்காதே என்று உச்சவரம்பு போடுவதற்காகத்தான் இத்தனை கூட்டல் கழித்தல்.

அதோடு விட்டாரா? தேசத்தையே பத்தாகப் பிரித்தார். ஒரு பங்கு பிச்சைக்காரர்கள். ஐந்து பங்கு, அந்தப் பிச்சைக்காரர்களுக்குப் பிச்சை போடக்கூட வக்கில்லாதவர்கள். மூன்று பங்கு கடனிலும் கோர்ட் வழக்கிலும் மூழ்கியவர்கள். மிஞ்சிய ஒரு பங்கில் பிரபு, பாதிரி, அதிகாரி, வியாபாரி எல்லோரும் அடக்கம். அவர்களிலும் நிஜமான வசதியோடு இருப்பவை பத்தாயிரம் குடும்பம்கூடத் தேறாது என்றார். புத்தகத்தில் இன்னொரு அத்தியாயத்தில் தன் திட்டத்தை யார் யார் எதிர்ப்பார்கள் என்றும் ஒரு பட்டியல் கொடுத்திருந்தார். நிதித்துறைக்காரர்கள், குத்தகைக்காரர்கள், பாதிரிகள், பிரபுக்கள்... ஒரு பெயர் தப்பவில்லை.

புத்தகத்தை அனுமதி வாங்காமல், ஆசிரியர் பெயர் போடாமல், சில நூறு பிரதிகள் அச்சடித்து நண்பர்களுக்கு மட்டும் கொடுத்தார். தலைப்பு ‘ராஜாவின் பத்தில் ஒரு பங்கு’ என்கிற அர்த்தத்தில். பெயர் இல்லாவிட்டால் என்ன? ஊருக்கே தெரியும். 1707 பிப்ரவரி 14-ம் தேதி ராஜாவின் ஆலோசனை சபை, கிடைக்கிற பிரதிகளையெல்லாம் பறிமுதல் செய்து அழிக்க உத்தரவு போட்டது. ஐம்பது வருடத்துக்கு மேல் தனக்காக உழைத்த கிழவரை லூயி கைது செய்யவில்லை. தடை மட்டும்தான். மார்ச் 30-ம் தேதி, ஆறு வாரத்தில், வோபான் இறந்துபோனார். வயது 73. துக்கத்தில் செத்தார் என்று அந்தக் காலத்து அரண்மனைப் பேனா ஒன்று எழுதியது. நுரையீரல் கோளாறு என்பதே சரித்திர ஆசிரியர்கள் நம்புவது. எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. பீரங்கிக்கு நடுவே வாழ்ந்தவர் ஒரு தடையுத்தரவுக்கா செத்துப்போவார்?

உண்மையான குத்து அதற்கப்புறம்தான். 1710. போர் இழுத்துக்கொண்டே போகிறது, கஜானா காலி. அதே லூயி, வருமானத்தில் பத்தில் ஒன்று, பிரபுக்கள் உட்பட எல்லோரும் கட்ட வேண்டும் என்று ஆணை போட்டார். வோபானுடைய யோசனையேதானே என்கிறீர்களா? பாதி யோசனை. பழைய வரிகளை நீக்கிவிட்டு இதைப் போடு என்றார் அவர். பழையதெல்லாம் அப்படியே இருக்க, அதன் மேல் இதையும் வைத்தார் ராஜா. கொஞ்ச காலத்துக்குத்தான் என்றார்கள். 1717-ல் எடுத்தார்கள், 1733-ல் திரும்ப வந்தது, 1741-ல் மறுபடியும் வந்தது. 1749-ல் இருபதில் ஒன்று என்று பெயர் மாறி நிரந்தரமாகக் குடியேறிவிட்டது.

மிச்சக் கதை எல்லோருக்கும் தெரிந்தது. 1789 புரட்சியில் பாஸ்டில் சிறை விழுவதற்கு முன்பே பாரிஸ் ஜனங்கள் கொளுத்தியது நகர வாசலில் இருந்த வரிச் சாவடிகளைத்தான். ஆகஸ்டில் பிரபுக்களின் சலுகைகள் போயின, தேவாலயத்தின் பங்கு போயிற்று. 1790-ல் உப்பு வரி ஒழிந்தது. ‘வரி’ என்ற வார்த்தையே கெட்ட வார்த்தையாகிவிட்டதால் புதிய அரசு ‘பங்களிப்பு’ என்று பெயரை மாற்றிக்கொண்டது. குத்தகைக் கோஷ்டியில் 28 பேரை 1794 மே 8-ம் தேதி ஒரே நாளில் கில்லட்டினில் வைத்தார்கள். ஆக்ஸிஜனுக்கு அந்தப் பெயரைக் கொடுத்த விஞ்ஞானி லவாய்சியர் அவர்களில் ஒருவர்.

வோபானை யாரும் மறக்கவில்லை. 1808-ல் நெப்போலியன் அவருடைய இதயத்தை ஊரிலிருந்து வரவழைத்து, பாரிஸில் மாவீரர்கள் துயிலும் இன்வாலிட் மாளிகையில் ராணுவ மரியாதையோடு வைத்தார். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது.

அதற்கு இரண்டு வருடம் முன்னால், 1806-ல், அதே நெப்போலியன் உப்பு வரியைத் திரும்பக் கொண்டுவந்திருந்தார். அது இரண்டாம் உலகப் போர் வரைக்கும் போகவில்லை.